அரசுத் துறையில் அடுத்த ஐந்தாண்டை யோசிப்பது யார் வேலை?

ஒரு துறை தன் நீண்டகாலத் திட்டத்தை வெளியிட்டால் இரண்டு விதமான பேச்சு கிளம்பும். மேல்மாடியில் நாலு நிபுணர்கள் உட்கார்ந்து எல்லாவற்றையும் முடிவு செய்துவிட்டார்கள் என்பது ஒன்று. வழுவழுப்பான தாளில் ஒரு புத்தகம், விழா முடிந்ததும் அலமாரிக்குப் போய்விடும் என்பது இன்னொன்று. அதை எழுதியவர்கள் யார், அவர்கள் யாருக்குக் கீழே வேலை பார்க்கிறார்கள், எழுதியது எந்த மாதத்தில் நிதித்துறையின் மேசைக்குப் போகிறது என்றெல்லாம் அனேகமாக யாரும் கேட்பதில்லை. திட்டம் நடக்குமா, தூங்குமா என்பது பெரும்பாலும் இந்தக் கேள்விகளில்தான் இருக்கிறது. நிர்வாகத்தோடு பழக்கமே இல்லாதவருக்கும் புரியும்படி இதை அடியிலிருந்து பார்ப்போம்.

## அன்றாட வேலை நாளைய வேலையை விழுங்குவது ஏன்?

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மின்கட்டணம், பள்ளிக் கட்டணம், வயதானவர்களின் மருந்து, கசியும் குழாய் என்று மாதத்தை ஓட்டுகிறவர் ஒருவர். பத்து வருடம் கழித்து இந்த வீடு யாருக்குப் போதும், பிள்ளைகள் எங்கே இருப்பார்கள், பெரியவர்களை யார் பார்த்துக்கொள்வது என்று யோசிக்க வேண்டியவரும் அவரேதான். இதில் எது தள்ளிப்போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அவருக்குப் பொறுப்பு இல்லை என்று சொல்ல முடியாது. மின்கட்டணத்துக்குக் கடைசித் தேதி இருக்கிறது, பத்து வருடக் கேள்விக்குக் கடைசித் தேதி கிடையாது. அவ்வளவுதான் வித்தியாசம்.

அரசுத் துறையிலும் இதே கதைதான். சட்டமன்றக் கேள்விக்கு நாளைக்குள் பதில் வேண்டும். நீதிமன்ற உத்தரவுக்கு மூன்று வாரம் கெடு. எங்கோ வெள்ளம், எங்கோ வேலைநிறுத்தம். துறைச் செயலரின் நாள் இப்படித்தான் கரைகிறது. இன்னும் எட்டு ஆண்டுகளில் இந்தத் துறையின் அனுபவசாலிகளில் பாதிப் பேர் ஓய்வு பெற்றுவிடுவார்கள் என்ற செய்தி அவர் மேசைக்கு வந்தாலும், அன்றைய கோப்புகளுக்கு அடியில் போய்விடும்.

இதற்காகத்தான் பல அரசுகள் சிலரை அன்றாட வேலையிலிருந்து விலக்கி வைக்கின்றன. நீண்டகாலக் கேள்விக்கும் செயற்கையாக ஒரு கடைசித் தேதி வைத்து, அந்தத் தேதியைக் காப்பாற்றும் வேலையை அவர்களிடம் கொடுக்கின்றன. இந்த ஏற்பாட்டுக்குத்தான் வியூகத் திட்டமிடல் என்று பெயர். துறை நான்கைந்து ஆண்டுகளில் எதைச் சாதிக்க வேண்டும், அதற்கு எதைச் செய்ய வேண்டும், எதைக் கைவிட வேண்டும் என்று தேர்ந்தெடுத்து, பணத்தையும் ஆட்களையும் அந்தத் தேர்வுக்கு ஏற்றபடி நகர்த்துவது. ‘கைவிட’ என்ற சொல்லைக் கவனியுங்கள். எதையுமே விடாத திட்டம் வெறும் விருப்பப் பட்டியல்.

## எதோடு இதைக் குழப்பிக்கொள்கிறோம்

இந்தியாவில் திட்டமிடல் என்றதும் திட்டக் கமிஷன்தான் நினைவுக்கு வரும். 1950-ல் அமைச்சரவைத் தீர்மானத்தால் உருவான அமைப்பு அது. முதல் ஐந்தாண்டுத் திட்டம் 1951-ல் தொடங்கியது, பன்னிரண்டாவது 2017-ல் முடிந்தது. கமிஷனின் இடத்தில் 2015 ஜனவரி 1-ல் நிதி ஆயோக் வந்தது. கமிஷன் மாநிலங்களுக்கும் அமைச்சகங்களுக்கும் திட்டப் பணத்தைப் பிரித்துக் கொடுப்பதில் பெரும் பங்கு வகித்தது, நிதி ஆயோகுக்கு அந்த அதிகாரம் இல்லை. இவை இரண்டுமே நாடு முழுவதற்குமான அமைப்புகள். ஒரு துறை தன் வீட்டுக்குள் செய்யும் வியூகத் திட்டமிடல் வேறு. நாட்டுக்கு எவ்வளவு மின்சாரம் வேண்டும் என்பது முதல் வகைக் கேள்வி. அந்த மின்சாரத்துக்கான அனுமதிகளைப் பரிசீலிக்க எங்கள் துறையில் போதுமான பொறியாளர்கள் இருக்கிறார்களா என்பது இரண்டாம் வகை.

இன்னொரு குழப்பம், கண்காணிப்பையே திட்டமிடல் என்று நினைப்பது. ஒவ்வொரு மாதமும் எத்தனை சதவீத வேலை முடிந்தது என்று கேட்பது கண்காணிப்பு. அது அவசியம்தான். ஆனால் அந்த வேலையைச் செய்யத்தான் வேண்டுமா என்று அது கேட்காது. பிரிட்டனில் இந்த இரண்டையும் பிரித்தே வைத்தார்கள். ஏற்கெனவே எடுத்த முடிவுகள் நிறைவேறுகின்றனவா என்று பார்க்க 2001-ல் பிரதமரின் ‘டெலிவரி யூனிட்’ வந்தது. அடுத்து என்ன செய்வது என்று ஆராய 2002-ல் ‘ஸ்ட்ராடஜி யூனிட்’ வந்தது. இரண்டும் 2010-ல் மூடப்பட்டன. இப்படிப்பட்ட பிரிவுகள் தங்களைக் கேட்டு வாங்கிய தலைவரின் காலத்தைத் தாண்டி நிலைப்பது அபூர்வம்.

## ஒரு வரி எப்படித் திட்டமாகிறது

குடிநீர் வழங்கும் ஒரு துறையை வைத்துப் பார்க்கலாம். ‘அனைவருக்கும் பாதுகாப்பான குடிநீர்’ என்று முகப்பில் எழுதியிருப்பார்கள். யாரும் மறுக்க மாட்டார்கள். யாரும் அதை வைத்து எந்த முடிவும் எடுக்கவும் முடியாது.

திட்டமிடல் அதிகாரி தலைமைப் பொறியாளரிடம் போய், ‘அடுத்த நான்கு ஆண்டுகளில் என்ன செய்யப்போகிறீர்கள் சார்?’ என்று கேட்கிறார். இத்தனை கிலோமீட்டர் குழாய் பதிப்போம் என்று பதில் வருகிறது. குழாயின் நீளம் துறை செய்து முடித்த வேலை. இதை வெளியீடு என்பார்கள். அந்த வேலையால் மக்கள் வாழ்க்கையில் வந்த மாற்றம் விளைவு. எனவே அதிகாரியின் அடுத்த கேள்வி, ‘அந்தக் குழாயால் எத்தனை வீட்டுக்கு, ஒரு நாளில் எத்தனை மணி நேரம் கூடுதலாகத் தண்ணீர் வரும்?’ என்பது. அதற்குப் பதில் சொல்லத் தடுமாறும் நிமிடத்தில்தான் உண்மையான திட்டமிடல் தொடங்குகிறது.

ஏனென்றால், அந்தப் பேச்சு கொஞ்ச நேரத்தில் வேறொரு இடத்துக்குப் போய்விடும். குடிநீர் வாரியங்களில் ‘கணக்கில் வராத நீர்’ என்று ஒரு அளவு உண்டு. நிலையத்திலிருந்து வெளியே போய், கசிவாலோ திருட்டாலோ மீட்டர் கோளாறாலோ கட்டணமாகத் திரும்பி வராத நீர் அது. அது அதிகமாக இருக்கும் ஊரில் புதுக் குழாய் போடுவதைவிடப் பழைய கசிவை அடைப்பது சில நேரம் மலிவாக முடியும். ஆனால் கசிவைத் தேடும் குழுவுக்கு ஆள் இல்லை, புதுக் குழாய்க்குத்தான் ஒதுக்கீடு இருக்கிறது. ஆக, ‘பாதுகாப்பான குடிநீர்’ என்று தொடங்கியது, கட்டுமானத்திலிருந்து பராமரிப்புக்கு எவ்வளவு பணத்தையும் எத்தனை ஆட்களையும் மாற்றுவது என்ற கேள்வியில் வந்து நிற்கிறது. அதிகாரி இதை யாரிடமும் திணிக்கவில்லை. கேள்விகளை வரிசையாகக் கேட்டார், எண்களைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: அன்றாட அவசரத்திலிருந்து சிலரை விலக்கி, துறையின் தேர்வுகளை விளைவு என்ற கண்ணாடியில் பார்க்க வைப்பது வியூகத் திட்டமிடல். இலக்கை முடிவு செய்பவர்கள் வேலை செய்கிற பிரிவுகள். கேட்பவர்கள் திட்டமிடல் பிரிவினர்.

## எந்த அறையில் உட்கார்வது?

திட்டமிடல் பிரிவை எங்கே வைப்பது? என் பார்வையில் இந்த விஷயத்திலேயே மிக முக்கியமான கேள்வி இது. இருக்கையைக் கௌரவப் பிரச்சினையாக நினைத்து ஒதுக்கிவிடக் கூடாது.

1947-ல் அமெரிக்க வெளியுறவு அமைச்சராக இருந்த ஜார்ஜ் மார்ஷல், கொள்கைத் திட்டமிடலுக்கென்று ஒரு சிறு குழுவை அமைத்து, தூதரக அதிகாரி ஜார்ஜ் கென்னனிடம் ஒப்படைத்தார். கென்னனுக்கு அவர் கொடுத்த அறிவுரை, சில்லறை விஷயங்களில் இறங்காதே என்பதுதான். கென்னனின் அறை மார்ஷலின் அறைக்கு அடுத்த அறை. மே மாதத் தொடக்கத்தில் வேலையைத் தொடங்கிய குழு, அந்த மாத முடிவுக்குள் ஐரோப்பாவின் மறுசீரமைப்பு பற்றித் தன் பரிந்துரையைக் கொடுத்தது. ஜூன் 5-ல் ஹார்வர்டில் மார்ஷல் பேசிய பேச்சு, போரில் சிதைந்த ஐரோப்பாவுக்கு அமெரிக்கா பண உதவி செய்த மார்ஷல் திட்டத்துக்கு விதையானது. அமைச்சர் மாறியபின், 1949-ல் ஏற்பாடும் மாறியது. குழுவின் அறிக்கைகள் செயல்பாட்டுப் பிரிவுகளின் ஒப்புதலைத் தாண்டித்தான் அமைச்சரிடம் போக வேண்டும் என்றானது. கென்னன் தன்னைப் பொறுப்பிலிருந்து விடுவிக்கும்படி கேட்டுக்கொண்டார். குழு இருந்தது, பெயரும் இருந்தது, நேராகப் போகும் வழி மட்டும் அடைபட்டது.

தலைவருக்கு அருகில் உட்கார்வதில் ஒரு ஆபத்தும் உண்டு. அமைச்சரின் பக்கத்தில் இருப்பவர்களுக்குப் பேச்சு எழுதித் தருவது, அவசரக் குறிப்பு தயாரிப்பது என்று வேலைகள் வந்து விழும். விலக்கி வைத்த ஆட்களே அவசரத்துக்குள் போய்விடுவார்கள்.

இன்னொரு இடம், பணப்பெட்டியின் பக்கம். 1961-ல் அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் ராபர்ட் மெக்னமாரா, திட்டமிடலையும் பட்ஜெட்டையும் ஒரே சங்கிலியாக இணைத்து, நிதிக் கட்டுப்பாட்டாளரான சார்லஸ் ஹிட்ச்சிடம் கொடுத்தார். அதுவரை தரைப்படை, கடற்படை, விமானப்படை என்று தனித்தனியாகப் பணம் கேட்டார்கள். ஒரே நோக்கத்துக்குக் கடற்படையின் ஏவுகணை நல்லதா, விமானப்படையின் ஏவுகணை நல்லதா என்று பக்கத்தில் பக்கமாக வைத்துப் பார்க்க வழியில்லை. புதிய முறை அந்த வழியைத் திறந்தது. 1965-ல் அதிபர் ஜான்சன் அதே முறையை மற்றத் துறைகளுக்கும் நீட்டினார். அங்கே அது ஊன்றவில்லை. பகுப்பாய்வு தெரிந்த ஆட்கள் போதவில்லை, காகிதம் குவிந்தது, பணத்துக்கு ஒப்புதல் தரும் காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) பழைய தலைப்புகளிலேயே பட்ஜெட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது. 1971-ல் கட்டாயம் நீக்கப்பட்டது. நிதிக்கு அருகில் இருப்பது பலம்தான், ஆனால் ஆட்கள் இல்லாத இடத்தில் படிவங்களை மட்டும் நட்டால் வேர் பிடிக்காது.

மூன்றாவது ஏற்பாடு, நடுவில் ஒரு சிறு பிரிவு, ஒவ்வொரு இயக்குநரகத்திலும் ஒரு தொடர்பு அதிகாரி. பெரிய துறைகளுக்கு இது பொருந்தும். தொடர்பு அதிகாரிக்கு இது ‘கூடுதல் பொறுப்பு’ என்றால் மட்டும் வேலை நடக்காது. கூடுதல் பொறுப்பு எப்போதும் கடைசியில்தான் கவனிக்கப்படும்.

## யாரை வைத்து நடத்துவது?

இந்தப் பிரிவுகள் சிறியவை. பிரிட்டிஷ் அமைச்சரவைக்கு ஆலோசனை சொல்ல 1971-ல் உருவாகி 1983-ல் கலைக்கப்பட்ட மத்தியக் கொள்கை ஆய்வுக் குழுவில் இருந்தவர்கள் சுமார் இருபது பேர். அதன் முதல் தலைவர் ராத்ஸ்சைல்ட் பிரபு ஒரு விஞ்ஞானி. அரசு ஊழியர்களும் வெளியிலிருந்து வந்தவர்களும் அதில் கலந்து இருந்தார்கள்.

அந்தக் கலவை ஏன் வேண்டும்? உள்ளே வளர்ந்த அதிகாரிக்குக் கோப்பு எங்கே சிக்கும், எந்தச் சங்கம் எதிர்க்கும், எந்த விதி வளையும் என்று தெரியும். அதே காரணத்தால், பல கேள்விகளை அவர் கேட்கவே மாட்டார். அப்படித்தானே எப்போதும் செய்கிறோம் என்பது அவருக்கு இயல்பாகிவிட்டிருக்கும். வெளியிலிருந்து வருபவர் கேட்பார், ஆனால் பதிலை உத்தரவாக மாற்றும் வழி அவருக்குத் தெரியாது. பொருளாதாரமோ புள்ளியியலோ தெரிந்த ஒருவர், களத்தில் வேலை பார்த்து டெபுடேஷனில் வந்த ஒருவர், நிர்வாக விதி தெரிந்த ஒருவர், சுருக்கமாக எழுதத் தெரிந்த ஒருவர் என்று இருந்தால் ஒரு நடுத்தரத் துறைக்குத் தொடக்கத்தில் போதும். இதில் கடைசி ஆளை யாரும் கேட்டு வாங்குவதில்லை. நாற்பது பக்கத்தை நாலு பக்கமாக்கித் தருகிறவர் இல்லாவிட்டால் அமைச்சர் அதைப் படிக்கவே மாட்டார்.

பிரிவின் தலைவருக்குப் பதவி உயரம் வேண்டும். இதை நடைமுறையில் பார்த்தால் உடனே புரியும். அவர் கூட்டத்துக்கு அழைக்கும்போது மற்றப் பிரிவுத் தலைவர்கள் தாங்களே வர வேண்டும். அழைப்பவர் இளநிலை அதிகாரி என்றால் அவர்கள் உதவியாளரை அனுப்புவார்கள். உதவியாளர் குறிப்பெடுத்துக்கொள்வார், எதற்கும் ஒப்புக்கொள்ள மாட்டார். அமெரிக்கச் சட்டம் இதற்காகவே ஒரு சங்கிலியைப் போட்டிருக்கிறது. துறையின் இரண்டாம் நிலைத் தலைவர் ‘தலைமைச் செயல்பாட்டு அதிகாரி’. அவருக்கு நேரடியாகக் கீழே, மூத்த அதிகாரி ஒருவர் ‘செயல்திறன் மேம்பாட்டு அதிகாரி’. நடுவில் யாரும் இல்லை.

சரி, ஆலோசனை நிறுவனத்துக்குக் கொடுத்துவிடலாமே? தரவு சேகரிக்கவும் கருத்துக் கணிப்பு நடத்தவும் தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால் 1993-ல் வந்த அமெரிக்க அரசுச் செயல்திறன் மற்றும் விளைவுகள் சட்டம் ஒரு கோட்டைத் தெளிவாகப் போடுகிறது. வியூகத் திட்டத்தை எழுதுவது அரசுக்கே உரிய பணி, அதை அரசு ஊழியர்கள் மட்டுமே எழுத வேண்டும். நியாயம் எளிது. எதைக் கைவிடுவது என்று முடிவெடுப்பவர் அந்த முடிவுக்குப் பின்னால் பதில் சொல்லவும் அங்கே இருக்க வேண்டும். நிறுவனம் அறிக்கையைக் கொடுத்துவிட்டுப் போய்விடும்.

ஆட்கள் விஷயத்தில் தீராத தலைவலி பணியிட மாற்றம். திட்டத்துக்கு ஐந்தாண்டு ஆயுள், அதை எழுதிய அதிகாரி இரண்டாம் ஆண்டிலேயே வேறு துறைக்குப் போய்விடலாம். புதிதாக வருபவருக்கு ஏன் இந்த இலக்கு, ஏன் அந்த எண் என்று தெரியாது. இடைநிலைப் பதவிகளில் நிரந்தரப் பணியாளர்களை வைப்பதும், ஒவ்வொரு முடிவுக்கும் ‘ஏன்’ என்று ஒரு பக்கக் குறிப்பைக் கோப்பில் சேர்ப்பதும் இதற்கு நடைமுறையில் உதவும்.

சுருக்கம்: சிறு பிரிவு, கலவையான ஆட்கள், தலைவரிடம் நேரடி வழி, எழுதும் பொறுப்பு துறைக்குள்ளேயே.

## காலண்டரில்தான் உயிர்

எந்த மாதத்தில் முடிகிறது என்பதைப் பொறுத்தே திட்டத்துக்கு வேலை. நிதித்துறை பட்ஜெட் மதிப்பீடுகளைக் கேட்டுச் சுற்றறிக்கை அனுப்புவதற்குச் சில மாதங்களுக்கு முன்பே துறையின் முன்னுரிமைகள் தெளிவாகியிருக்க வேண்டும். இரண்டு மாதம் தாமதமானாலும் சென்ற ஆண்டின் ஒதுக்கீடு கொஞ்சம் கூட்டப்பட்டு அப்படியே தொடரும். திட்டம் ஒரு பக்கம், பணம் ஒரு பக்கம் போகும்.

அமெரிக்காவில் 1993 சட்டத்தை 2010-ல் திருத்தியபோது இந்தத் தேதிகளை ஆட்சிச் சுழற்சியோடு பொருத்தினார்கள். அதிபரின் பதவிக்காலம் தொடங்கும் ஆண்டுக்கு அடுத்த ஆண்டு, பிப்ரவரி முதல் திங்கட்கிழமைக்குள் ஒவ்வொரு துறையும் குறைந்தது நான்கு ஆண்டுகளுக்கான திட்டத்தை வெளியிட வேண்டும். காங்கிரஸுடன் கலந்து பேச வேண்டும். அதற்குக் கீழே ஆண்டுத் திட்டம் பட்ஜெட்டோடு வரும். அதற்கும் கீழே, சுமார் இரண்டு ஆண்டுகளில் முடிக்க வேண்டிய சில முன்னுரிமை இலக்குகள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு பொறுப்பாளர் பெயரோடு அறிவிக்கப்படுவார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை தலைமைச் செயல்பாட்டு அதிகாரி உட்கார்ந்து எண்களைப் பார்ப்பார்.

இங்கே எனக்குப் பிடித்தது அந்தப் பெயர்தான். ‘துறை நடவடிக்கை எடுக்கும்’ என்ற வாக்கியத்தில் ஆளே இல்லை. பெயர் எழுதியதும், அந்த ஆள் தனக்கு என்ன அதிகாரம், எவ்வளவு பணம் என்று கேட்க ஆரம்பித்துவிடுவார். அந்தப் பேரம் திட்டத்துக்கு நல்லது.

## நாளை என்ன நடக்கும் என்று யாருக்குத் தெரியும்?

ஐந்தாண்டை யாராலும் கணிக்க முடியாது. கணிப்பதாகச் சொல்லும் ஆவணத்தை நம்பவும் கூடாது. அதற்குப் பதிலாக, ஒன்றுக்கொன்று வேறுபட்ட சில எதிர்காலங்களை எழுதிவைத்து, இன்றைய முடிவு அவற்றில் எத்தனையில் தாக்குப்பிடிக்கும் என்று சோதிப்பார்கள். இதற்குக் காட்சித் திட்டமிடல் என்று பெயர். எண்ணெய் நிறுவனமான ஷெல் இதை வளர்த்தெடுத்தது. சிங்கப்பூர் அரசு இதைத் தன் பாதுகாப்புத் துறையில் முயன்று பார்த்து, 1995-ல் பிரதமர் அலுவலகத்தில் தனி அலுவலகமே திறந்தது. 2009-ல் எதிர்கால ஆய்வுக்கென்று ஒரு மையமும் வந்தது. சிங்கப்பூரின் அனுபவத்தில் கவனிக்க வேண்டியது, அந்த ஆட்களை அரசின் நடுவில் வைத்ததும், பல ஆண்டுகள் விடாமல் தொடர்ந்ததும்.

## ஒரு துறையின் திட்டத்தைக் கையில் எடுத்தால்

படங்களையும் முன்னுரையையும் தள்ளிவிட்டு முதலில் எண்களுக்குப் போங்கள். அங்கே இருப்பது வெளியீடா, விளைவா என்று பாருங்கள். தொடங்கும்போது எவ்வளவு இருந்தது என்ற அடிப்படை எண் இல்லாமல் இலக்கு மட்டும் இருந்தால், அதை எட்டினார்களா என்று பின்னால் யாராலும் சொல்ல முடியாது.

எண்களிலும் ஒரு பொறி உண்டு. இந்திய மத்திய அரசில் 2009 முதல் சில ஆண்டுகள் ‘விளைவுச் சட்டக ஆவணம்’ என்ற முறை இருந்தது. ஒவ்வொரு துறையும் தன் நோக்கங்களுக்கு மொத்தம் 100 வரும்படி எடை கொடுத்து, ஆண்டு முடிவில் மதிப்பெண் பெறும். எதற்கு எவ்வளவு எடை என்று எழுத வைத்ததே பெரிய நன்மை, ஏனென்றால் முன்னுரிமையை மறைக்க முடியாது. ஆனால் மதிப்பெண் முறை எங்கே வந்தாலும், எளிதில் எட்டக்கூடிய இலக்கை எழுதும் ஆசையும் கூடவே வரும். ஆகவே எல்லா இலக்கையும் எட்டிவிட்டோம் என்று ஒரு துறை சொன்னால், அந்த இலக்குகள் எவ்வளவு தாழ்வாக வைக்கப்பட்டிருந்தன என்று பாருங்கள்.

அதன் பிறகு அதே ஆண்டின் பட்ஜெட்டைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். திட்டத்தின் முதல் மூன்று முன்னுரிமைகளுக்கு ஒதுக்கீடு கூடியிருக்கிறதா? அந்த வேலைக்கான பணியிடங்கள் நிரம்பியிருக்கின்றனவா, காலியாகவே கிடக்கின்றனவா? பராமரிப்புதான் முக்கியம் என்று எழுதிவிட்டு, பணம் முழுவதும் புதுக் கட்டுமானத்துக்கே போயிருந்தால், அந்தத் துறையின் உண்மையான திட்டம் பட்ஜெட்டில் இருப்பதுதான்.